எந்த நாட்டுப் பதினைந்து

கிளிக்கு அரபு தெரியும் என்பது மொன்றியலின் லாசால் பகுதியில் அவள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் நெடுநாள் ஒருவருக்கும் தெரியாது. அவளாகச் சொல்லவும் இல்லை. தானாக எதையும் சொல்கிற ஆள் அவள் இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும், மணியை வேறு யாராவது அடிக்கட்டும் என்று பார்த்திருப்பாள். ஒருவரும் அடிக்காவிட்டால் அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருவாள்.

அவளுடைய அரபு வெளியே வந்தது 2004 பனிக்காலத்தில். இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் இரண்டு கையிலும் சாமான் பைகளோடு வாசற்படி ஏறிக்கொண்டிருந்தாள். நடக்கப் பழகி ஒரு மாதமும் ஆகாத அவளுடைய மகன் பின்னால் பனியில் வழுக்கிக்கொண்டு தெருப் பக்கம் போனான். தெருவில் பனி வழிக்கிற வாகனம் வந்துகொண்டிருந்தது.

"பிடி! பிள்ளையைப் பிடி!" என்று கிளி கத்தினாள். பதினொரு வருடமாக வாயில் வராத பாஷை, கேட்காமலே வந்து விழுந்தது.

அந்தப் பெண் பைகளை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையை அள்ளினாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் பொட்டு வைத்த மெலிந்த ஒரு தமிழ்ப் பெண் அங்கே நின்றாள்.

"நீயா கத்தினது?"

"ஓம்."

"அரபு எங்க படிச்சனீ?"

"தம்மாம்."

"தம்மாமா! நான் கலியாணம் கட்டிப் போன ஊரெல்லோ அது!"

அவளுடைய பெயர் நஜ்லா. பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்களுக்கு மரியாதை இல்லை. மூத்த ஆண்பிள்ளையின் தாய் என்றே கூப்பிடுவார்கள். தாய்க்கு அரபில் உம். பனியில் வழுக்கியவன் யஸன். ஆகவே அவள் உம் யஸன் ஆனாள். கிளியின் மகன் மதிசுதன். ஆகவே கிளி உம் மதி. இந்தப் பெயரை முதல்முறை கேட்ட அன்று கிளி வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். தம்மாமில் இருந்த நாலு வருடமும் அவளை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "பெட்டை" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளுடைய அரபு வேலைக்காரியின் அரபு. அந்தப் பாஷையில் யாரும் அவளுக்குச் சேதி சொன்னதில்லை, வேலைதான் சொன்னார்கள். வா, துடை, மூடு, கொண்டுவா, அடுப்பைக் குறை. ஆகவே அவள் வாயைத் திறந்தால் எல்லாமே அதட்டலாகத்தான் வரும். வீட்டுக்கு வந்த நஜ்லாவை "இரு! குடி! சாப்பிடு!" என்று உபசரித்தாள். நஜ்லா எழும்பி நின்று, "உத்தரவு மேடம்," என்று கையை நெற்றியில் வைத்தாள். "எங்கட பள்ளிக்கூடத்துப் பெரிய ரீச்சர்கூட என்னை இப்பிடி உறுக்கினதில்லை."

கிளி பிறந்தது களுவாஞ்சிக்குடிப் பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1989இல், இருபத்தொரு வயதில், கொழும்பு முகவர் ஒருவர் அவளை வீட்டு வேலைக்கு அரபுநாட்டுத் தம்மாம் நகருக்கு அனுப்பிவைத்தார். போன வீடு ஒரு பலஸ்தீன மருத்துவருடையது. போகும்போது அவள் நினைத்திருந்தது, அரபிகள் எல்லாரும் ஒரே ஆட்கள், அந்தத் தேசம் அவர்கள் எல்லாருக்கும் சொந்தம் என்று. போன பிறகுதான் பார்த்தாள். மருத்துவரும் அங்கே வெளியார்தான். அந்த நாட்டுக்காரர் ஒருவர் பொறுப்பு நின்றால்தான் அவருக்கு இருக்க அனுமதி. கபீல் என்பார்கள். கிளியின் கடவுச்சீட்டு மருத்துவரின் லாச்சியில் பூட்டிக் கிடந்தது. மருத்துவருடையது அவருடைய கபீலின் லாச்சியில் பூட்டிக் கிடந்தது. வருடா வருடம் அனுமதி புதுப்பிக்கிற கிழமை வந்தால் அந்த வீட்டில் ஒருவரும் உரத்துக் கதைக்கமாட்டார்கள். உப்புக் கூடினாலும் ஏச்சு விழாது. அது கிளிக்கு நல்ல கிழமை. ஆனாலும் அவளும் கால் நுனியில்தான் நடப்பாள்.

தெருமுனையில் சாலிஹ் என்றொருவரின் கடை இருந்தது. யேமன்காரர். அரையில் சாரம் கட்டியிருப்பார். சாரம் கட்டின அரபியைக் கண்டதில் கிளிக்கு ஒரு தைரியம். அந்த ஊரில் அவள் தலை நிமிர்ந்து பார்த்த ஒரே ஆண் அவர்தான். யேமன்காரருக்கு அதுவரை கபீல் தேவையில்லை. கடை அவருடைய சொந்தக் கடை, அங்கே இருபத்தாறு வருடம். 1990இல் குவைத் பிரச்சினை வந்தது. யேமன் அரசு சொன்ன ஏதோ ஒன்று இந்த அரசுக்குப் பிடிக்கவில்லை. கபீலைத் தேடு, இல்லாவிட்டால் வெளியே போ என்று சட்டம் வந்தது. சில கிழமைதான் தவணை. கிளி ஒருநாள் ஏலக்காய் வாங்கப் போனபோது கடையில் தட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்தநாள் ஒரு சின்ன லொறியில் மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, அதன்மேல் நாலு பிள்ளைகள். சாலிஹ் அவளைக் கண்டு ஒரு பை நிறைய ஏலக்காயைக் கையில் திணித்துவிட்டு ஏறினார்.

அன்றிலிருந்து யாருடைய பத்திரத்திலாவது முடிவுத் திகதி என்று ஒன்றைக் கண்டால் கிளியின் கண் அதில்தான் போய் நிற்கும். மருந்துப் போத்தல் என்றாலும் அப்படித்தான்.

நஜ்லாவின் வீட்டிலும் அவள் முதலில் கண்டது திகதிதான்.

நஜ்லாவின் கணவன் வஜீஹ். நில அளவையாளர். காஸாவிலிருந்து 1962இல் ஆசிரியராகத் தம்மாமுக்குப் போனவரின் மகன். வஜீஹ் பிறந்தது, படித்தது, பல்லு விழுந்து முளைத்தது எல்லாம் தம்மாமில்தான். ஆனாலும் அவனும் அங்கே வெளியார். கையில் இருந்தது பலஸ்தீன அகதிகளுக்கு எகிப்து கொடுத்த பயணப் புத்தகம். அதைக் காட்டி எகிப்துக்குள்ளேயே போக முடியாது. தகப்பன் முப்பத்தைந்து வருடம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற அன்றே அவருடைய அனுமதி முடிந்துபோயிற்று. பிறகு மகனின் அனுமதியின் கீழ் அவர் பெயரை எழுதினார்கள். வஜீஹின் அனுமதி போனால் கிழவருடையதும் போகும். எண்பது வயதில் அவரை ஏற்றுக்கொள்ள ஒரு நாடு இல்லை.

அதனால் வஜீஹ் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக நின்றான். கனடாவின் நிரந்தர வதிவிடக் காகிதம் நிலைக்க ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது இங்கே இருக்கவேண்டும். அங்கத்தைய அனுமதி நிலைக்க ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது. நஜ்லாவும் பிள்ளைகளும் இங்கேயே தங்கிவிட்டதில் அவர்களுடைய அனுமதி முதல் வருடமே போய்விட்டது. இனி அவர்கள் அங்கே போக முடியாது. அவன்தான் வந்து வந்து போகவேண்டும்.

2006 ஆடி மாதம் வந்தான். கபீலிடம் கெஞ்சி ஆறு மாதத் தவணை வாங்கி வந்திருந்தான். அதில் ஒரு நாளையும் வீணாக்க மனமில்லை. திரும்பி உள்ளே போகவேண்டிய கடைசித் திகதி பயணப் புத்தகத்தில் முத்திரையாக இருந்தது. அந்த நாட்டு வழக்கப்படி பிறைக் கணக்கில், துல்ஹஜ் மாதம் பதினைந்து. வஜீஹ் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய கலண்டரில் அந்தப் பதினைந்தைத் தேடி, ஜனவரி ஐந்து, வெள்ளிக்கிழமை என்று கண்டு, சிவப்பு மையால் வட்டம் போட்டான். பக்கத்து ஹலால் இறைச்சிக்கடைக்காரர் பிறை வருடத் தொடக்கத்தில், இரண்டு கணக்கும் போட்டுக் கொடுத்த கலண்டர் அது. மேலே ஒரு கொழுத்த ஆட்டின் படம். ரிக்கெற்றை மூன்றாந் திகதி புதன் பின்னேரத்துக்குப் போட்டார்கள். ஐந்தாந் திகதி அதிகாலை ஒரு மணிக்குத் தம்மாமில் இறங்கும். அந்த நாள் முழுவதும் கையில் இருக்கிறது. இரண்டாந் திகதி மகள் லமாவுக்கு எட்டு வயது நிறைகிறது. அதையும் கொண்டாடிவிட்டுப் போகலாம்.

ரிக்கெற் போட்டவர் உருத்திரமூர்த்தி. கோத்-தே-நேஜ் பக்கம் பயண முகவர். மலிவாகப் போடுவார் என்று கிளிதான் சொல்லிவிட்டாள்.

டிசம்பர் முப்பது, சனிக்கிழமை. மறுநாள் மொன்றியலில் ஹஜ்ஜுப் பெருநாள். நஜ்லாவுக்குப் பேரீச்சம்பழம் வைத்த மஃமூல் பலகாரம் செய்து கொடுக்கக் கிளி மேலே போயிருந்தாள். மாவு பிசைவதில் அவள் கை நஜ்லாவின் கையைவிடத் தேர்ந்த கை. ரீவியில் பக்தாத்தில் விடிய நடந்த தூக்குச் செய்தி திரும்பத் திரும்ப ஓடியது. நஜ்லா சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். வஜீஹ் வீட்டில் நின்றதால் கிளி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவனோடு அவள் ஒருநாளும் கதைத்ததில்லை.

ரெலிபோன் அடித்தது. தம்மாமிலிருந்து கிழவர். நஜ்லா எல்லாருக்கும் கேட்க வைத்தாள்.

"பெருநாள் வாழ்த்து, மகள்! ஆடு அறுத்தாச்சு, பங்கும் போட்டாச்சு."

"எங்களுக்கு நாளைக்குத்தான், மாமா."

"அதென்ன, எங்களுக்கு முடிஞ்ச பெருநாள் உங்களுக்கு நாளைக்கு?"

வஜீஹ் கதிரையிலிருந்தபடியே உரத்துச் சொன்னான். "கனடாவுக்குள்ள பிறையும் விசா எடுத்துத்தான் வரவேணும், வாப்பா. அதுதான் ஒரு நாள் பிந்துது."

எல்லாரும் சிரித்தார்கள். கிளியும் சிரித்தாள். சிரித்தபடியே மாவுக் கையோடு நிமிர்ந்தாள். எதிரே ஆட்டுக் கலண்டர். சிவப்பு வட்டம்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

அங்கே பெருநாள் இன்றைக்கு. பெருநாள் என்றால் துல்ஹஜ் பத்து. அங்கே இன்று பத்து என்றால்... விரல் வரைகளில் பெருவிரலை வைத்து எண்ணினாள். ஞாயிறு பதினொன்று. திங்கள் பன்னிரண்டு. செவ்வாய், புதன். வியாழன் பதினைந்து. வியாழன், ஜனவரி நாலு. வஜீஹ் இறங்குவது வெள்ளி அதிகாலை.

திரும்பவும் எண்ணினாள். மற்றக் கையிலும் எண்ணினாள்.

இந்தப் பிழை அவளுக்குப் புதிதில்லை. மொன்றியலுக்கு வந்த புதிதில் மட்டக்களப்பிலிருந்து வந்த கலண்டரைப் பார்த்துக் கந்தசஷ்டி பிடித்தாள். ஆறாம் நாள் வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போனால் ஒரு சனமும் இல்லை. படி கூட்டிக்கொண்டு நின்ற யோகராணி, "என்னகா கிளி, சூரனை நேத்தே வெட்டியாச்சு. நீ இண்டைக்கு ஆருக்கு விரதம்?" என்று கேட்டுச் சிரித்தாள். அதன் பிறகு கிளி கனடாவுக்கென்று கணித்த கலண்டரைத்தான் பார்ப்பாள். தம்மாமிலும் அப்படித்தான். அடுத்த வீட்டில் வேலைக்கு நின்ற காத்தான்குடிப் பெண், "இஞ்ச இண்டைக்குப் பெருநாள், ஊரில நாளைக்கு," என்று வருடா வருடம் சொல்லி அழுவாள். ஒரே பிறை, ஊருக்கு ஒரு கணக்கு.

வஜீஹின் முத்திரையைக் குத்தியது அந்த நாடு. அவன் பார்த்தது லாசால் இறைச்சிக்கடைக் கலண்டர்.

கிளி வாயைத் திறந்தாள். நஜ்லா தட்டை நீட்டி, "இது வெந்திட்டுதா பார்," என்றாள். பார்த்தாள். திரும்பவும் திறந்தாள். வஜீஹ் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். மூடிக்கொண்டாள். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, அவன் ஊர்த் திகதி பிழை என்று எட்டாம் வகுப்போடு நின்ற வேலைக்காரி சொல்வதா? தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டாள்.

புருஷன் சிவானந்தம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, அதற்குள் சொன்னாள். சிவானந்தம் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவன். வந்தவுடன் யாரும் கதைத்தால் பிடிக்காது.

"அவையின்ர மாதம், அவையின்ர பெருநாள். உனக்கென்ன?"

"பிழையெண்டா அந்தாள் உள்ள போகேலாது."

"நீ சொல்லி அவன் ரிக்கெற்றை மாத்தி, பிறகு உன்ர எண்ணிக்கை பிழையெண்டா? மகளின்ர பேர்த்டேயும் போய், ரிக்கெற் மாத்தின காசும் போய், அந்தப் பழி ஆற்ற தலையில விழும்? பேசாமப் படு."

கிளி படுத்தாள். படுத்தபடி விரலை மடக்கினாள்.

ஞாயிறு காலை வஜீஹும் லமாவும் தொழுகைக்குப் போனதை யன்னலால் பார்த்துவிட்டு மேலே ஏறினாள். நஜ்லா யஸனுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலேயே நின்றாள்.

"புத்தகம் எடு," என்றாள் கிளி. "வஜீஹின்ர. திற. பார்."

"பெருநாளண்டும் உத்தரவா, மேடம்?"

கிளி சிரிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியண்டை போய்ச் சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தாள். "பதினைந்து. எந்த நாட்டுப் பதினைந்து?"

நஜ்லாவுக்கு முதலில் விளங்கவில்லை. கிளி விரல்களை விரித்தாள். "நேற்று அங்க பெருநாள். பத்து. இண்டைக்கு அங்க பதினொண்டு. எண்ணு."

நஜ்லா எண்ணினாள். உதடு அசைந்தது. வியாழனில் வந்து நின்றது. யஸனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரோடு சாய்ந்தாள்.

வஜீஹ் புதுக் கோட்டும் கையில் இனிப்புப் பெட்டியுமாக வந்தான். நஜ்லா சொல்லி முடிக்குமுன்பே சிரித்தான். "நான் பிறந்த ஊர்த் திகதி எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கலண்டரில..." என்றவன் நடுவில் நிறுத்தினான். கலண்டரைப் பார்த்தான். ஆட்டைப் பார்த்தான். ஒரு காலில் சப்பாத்தோடு ரெலிபோனை எடுத்தான்.

"வாப்பா, இண்டைக்கு அங்க எத்தனை?"

"பதினொண்டு. பெருநாள் ரெண்டாம் நாள். ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

வைத்துவிட்டு வாசலிலேயே குந்தினான். கபீலின் அலுவலகத்துக்கு அடித்துப் பார்த்தான். ஹஜ்ஜு விடுமுறை. அடுத்த சனிக்கிழமைதான் திறப்பார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"இங்க பெருநாள் ஒரு நாள் பிந்தும் எண்டு எனக்குத் தெரியும்," என்றான் யாரையும் பாராமல். "எல்லா வருஷமும் தெரியும். இதையும் அதையும் சேர்த்துப் பாக்க எனக்குத் தோணேல்ல."

பிறகு முதல்முறையாகக் கிளியை நேரே பார்த்தான். "உம் மதி, ரிக்கெற் போட்டது உங்கட ஆள்தானே. நீங்க அடிச்சுக் கேக்கிறீங்களா?"

கிளி தானாக ரெலிபோனைத் தூக்குகிறவள் இல்லை. மதிசுதனின் பள்ளிக்கூடத்துக்கு அடிப்பதென்றாலும் மகள் நிலக்ஷியைத்தான் அடிக்கச் சொல்வாள். அன்று நிலக்ஷி இல்லை. கடை நம்பரில் ஆள் இல்லை. வீட்டு நம்பரில் ஏழெட்டுத் தரம் மணி அடித்த பிறகு எடுத்தார்கள். பின்னால் ஒரே சனச் சத்தம்.

"ஆர் பிள்ளை? கிளியோ? கொஞ்சம் உரத்துக் கதையுமன், காற்றுத்தான் கேக்குது."

கிளி உரத்துக் கதைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு. திகதி, பிறை, முத்திரை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. உருத்திரமூர்த்தி இடையில் ஒருதரம், "இண்டைக்கு ஞாயிறு, நாளைக்கு வருஷப் பிறப்பு, என்ர பெண்சாதி என்னைக் கொல்லப்போறாள்," என்றார். ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். ஒரு மணித்தியாலத்தில் திரும்ப அடித்தார்.

"பிள்ளை, ஒரே ஒரு சீற். நாளைக்குப் பின்னேரம். பத்து நிமிஷத்தில சொல்ல வேணும். நேற்றுக் கேட்டிருந்தா செவ்வாய்க்கிழமைக்கு நாலு கிடந்தது. நானும் பின்னேரம் மட்டும் கடையிலதான் இருந்தனான்."

செவ்வாய்க்கிழமை என்றால் லமாவின் பிறந்தநாள். பகலில் கேக் வெட்டிவிட்டுப் பின்னேரம் ஏறியிருக்கலாம். வியாழன் அதிகாலை இறங்கும், பதினைந்து முடியுமுன். கிளி ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?" என்றாள் நஜ்லா.

"நாளைக்கு. ஒரு சீற். எடு," என்றாள். மற்றதைச் சொல்லவில்லை.

திங்கள் பின்னேரம் டாக்சி வந்தபோது லமா தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. வஜீஹ் கதவுக்கு வெளியே நின்று கதைத்துப் பார்த்தான், பாட்டுப் பாடிப் பார்த்தான், கடைசியில் கதவுக்கே முத்தம் கொடுத்துவிட்டு இறங்கினான். நஜ்லா கூடப் போனாள். கிளி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். டாக்சிச் சத்தம் போன பிறகு கதவு திறந்தது.

"நீதான் அனுப்பினாய்," என்றாள் லமா பிரெஞ்சில். அவ்வளவு பிரெஞ்சு கிளிக்கு விளங்கும்.

செவ்வாய்க்கிழமை கேக் வந்தது. லமாவின் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வந்து, சத்தம் போட்டு, நாலரைக்குப் போய்விட்டார்கள். விமானம் மூன்றரைக்கு இறங்கியிருக்கவேண்டும். அங்கே இரவு பதினொன்றரை. ஐந்து மணிக்கு ரெலிபோன் அடித்தது. நஜ்லா பாய்ந்தெடுத்தாள். கிழவர். அயலவரின் காரில் விமான நிலையத்துக்கு வந்து நிற்கிறாராம்.

"எல்லாரும் வந்திட்டினம். பெட்டியும் சுத்திச் சுத்தி வருது. இவனைக் காணேல்ல."

"கேட்டுப் பாருங்கோ, மாமா."

"கேட்டனான். உள்ள ஒரு அறையில இருத்தி வைச்சிருக்காம். அதுக்கு மேல சொல்லமாட்டாங்கள்."

நஜ்லா ரெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தரை ஆனது. கிளி மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள். வெளியே பனி வழிக்கிற வாகனம் பின்னோக்கிப் போகிற ரீங்காரம் கேட்டது. அந்த அறையில் வஜீஹைத் திருப்பி ஏற்றினால் எங்கே ஏற்றுவார்கள்? கிழவர் எங்கே போவார்? கடைசியில் தன் எண்ணிக்கையே பிழையோ? பதினைந்து என்றால் பதினைந்துக்கு முதல் நாளோடு சரியோ?

ஆறு மணிக்கு அவளால் இருக்க முடியவில்லை.

"உம் யஸன். எனக்குச் சனிக்கிழமையே தெரியும்."

நஜ்லா நிமிர்ந்தாள்.

"மாவு பிசையேக்க கண்டனான். சொல்லேல்ல. பயம். சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமை சீற் இருந்தது. பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு நிண்டிருப்பார்."

கிளி அடி விழப் போகிறது என்பது போல் நின்றாள்.

"அங்க ஒரு நாள் முந்தி எண்டு எனக்குக் கலியாணம் கட்டின நாள்முதல் தெரியும்," என்றாள் நஜ்லா. "அந்த வட்டத்தை ஆறு மாசமாத் தினமும் பாக்கிறன். பால் எடுக்கேக்க பாக்கிறன், பால் வைக்கேக்க பாக்கிறன். நீ ஒரு நாள் பேசாம இருந்தாய். நான் ஆறு மாசம். இரு."

கிளி இருந்தாள். இருவருக்கும் நடுவில் ரெலிபோன்.

ஆறு நாற்பதுக்கு அடித்தது.

வஜீஹின் குரல். களைத்து, தூரத்தில். "உள்ள விட்டிட்டாங்கள்."

பயணப் புத்தகம் எகிப்தியப் புத்தகம் என்பதால் தனி அறை. கணினியில் பெயர் தேட மூன்று மணித்தியாலம். கடைசியில் வந்த அதிகாரி சின்னப் பொடியன். முத்திரையைப் பார்த்து, "இன்னும் நாள் கிடக்கே, மற்ற ஆக்கள் கடைசி மணித்தியாலம் மட்டும் நிண்டிட்டுத்தான் வருவினம், உமக்கென்ன அவசரம்?" என்று கேட்டானாம். வாப்பாவிடம் படித்தவனாக இருக்கும், நான் கேட்கவில்லை என்றான் வஜீஹ். கிழவர் பக்கத்திலிருந்து இருமுவது கேட்டது.

"மாமாவின்ர காகிதம்?" என்றாள் நஜ்லா.

"என்னுடையது இருந்தா அவருடையதும் இருக்கும். இனிச் சனிக்கிழமை கபீலிட்டப் போய்த் திரும்பவும் கேக்க வேணும். ஆடிக்கு விடுவானோ தெரியாது. போன முறை மாதிரி ஆறு மாசம் தரமாட்டான்."

நஜ்லா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். இரண்டாம் தரமும் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்ல வரவில்லை. ரெலிபோனை லமாவின் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய், அடுப்பைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மெல்லத் தொடங்கிப் பிறகு தோள் குலுங்க அழுதாள். மூன்று நாள் அழாத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

லமா தகப்பனிடம் கேக்கில் எத்தனை மெழுகுதிரி என்று சொன்னாள், யார் யார் வந்தார்கள் என்று சொன்னாள். இனி எப்போது வருவாய் என்று கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு ரெலிபோனை வைத்தாள். குசினி வாசலில் வந்து நின்று தாயைப் பார்த்தாள். நேற்றுப் பின்னேரத்திலிருந்து கிளியோடு கதைக்காத பிள்ளை, கிளியின் பக்கம் திரும்பி, இந்த முறை அரபில் கேட்டாள்.

"வாப்பாவை உள்ள விட்டிட்டாங்கள்தானே. பிறகேன் அழுறா?"

கிளி மேசைத் துணியைக் கீழே வைத்தாள்.

"உள்ள விட்டதாலதான்," என்றாள்.